ஆலய இசைக்கலைஞருக்கு எந்தப் பயிற்சி? வேலூர் வட்டாரக் குருசேகரங்களுக்கு ஓர் ஒப்பீடு

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என 2019-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பழைய வேலூர் மாவட்டத்தின் சபைகளில், ஞாயிறு ஆராதனையின் இசைப்பொறுப்பு பெரும்பாலும் ஒரே ஒருவரின் தோளில் இருக்கிறது. அவர் ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்பவராக இருக்கலாம். காட்பாடியில் பள்ளி ஆசிரியையாக இருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பை இப்போதுதான் முடித்த பையனாகவும் இருக்கலாம். அவருக்கு முறையான பயிற்சி தர வேண்டும் என்று குருசேகரக் குழு (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளின் நிர்வாகக் குழு) தீர்மானம் நிறைவேற்றிய பிறகு எழும் கேள்வி, எந்தப் பயிற்சி என்பதுதான். இணையவழித் தனி வகுப்பு, லண்டன் தேர்வு வாரியங்களின் கிரேடுகள், ஆலய இசைக்கென்றே வகுக்கப்பட்ட வெளிநாட்டுத் தொலைநிலைத் திட்டங்கள், யூடியூப் பாடங்கள், மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பிப் படிக்க வைத்தல், உள்ளூரில் இருக்கும் மூத்தவரிடம் உட்கார வைத்தல் என்று வழிகள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒருவகைத் திறமையை வளர்க்கிறது. இன்னொரு வகைத் திறமையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது. ஆகவே சான்றிதழின் மதிப்பைப் பார்க்காமல், நம் ஆராதனையில் இசை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதைப் பார்த்தே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த வட்டாரத்தின் ஆலய இசை இரண்டு மரபுகளின் மேல் நிற்கிறது என்பதை முதலில் கணக்கில் கொள்ள வேண்டும். ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் தொடங்கிய ஆற்காடு மிஷன், அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் பாடல் மரபை இங்கே கொண்டுவந்தது. ஆம்பூர்ப் பகுதியில் வேரூன்றிய லுத்தரன் சபைகள் ஜெர்மானிய ஞானப்பாட்டுகளைத் தமிழில் பாடுகின்றன. அவற்றில் பல, 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மிஷனரியான பப்ரிஷியஸ் ஐயர் தமிழாக்கியவை. மறுபக்கம், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் வளர்த்த கீர்த்தனை மரபு, இராகமும் தாளமும் தலைப்பிலேயே குறிக்கப்பட்ட பாடல்களாக நம் கைப்புத்தகத்தில் இருக்கிறது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, 1976-இல் அதன் நிர்வாகப் பிரிவுகளில் ஒன்றாக வேலூர் பேராயம் தனியாக அமைந்த பின்னும், இந்த இரண்டும் ஒரே ஆராதனையில் அடுத்தடுத்து வருவது மாறவில்லை. மேற்கத்திய மெட்டில் பாடும் ஞானப்பாட்டாகிய பாமாலைக்கு, ஐந்து கோடுகளில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனையோ, டோ-ரே-மி எழுத்துகளில் எழுதும் சோல்ஃபாவையோ படிக்கத் தெரிய வேண்டும். நான்கு குரல்களும் எப்படி நகர்கின்றன என்பது விரலில் இருக்க வேண்டும். கீர்த்தனைக்குச் செவி வேண்டும், சுருதி நிலைக்க வேண்டும், தாளம் தவறக் கூடாது. இவற்றோடு இளைஞர்கள் பாடும் புதிய துதிப்பாடல்களுக்குக் கார்டுகளும் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) ரிதமும் சேர்ந்துகொள்கின்றன. ஒரே மனிதரிடம் இந்த மூன்றையும் எதிர்பார்க்கும் நாம், ஒன்றுக்கான பயிற்சிக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு மற்ற இரண்டும் தாமாக வந்துவிடும் என்று நம்புவது சரியன்று.

இசை எங்கே தடுமாறுகிறது என்று நான் கேட்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். கீர்த்தனையை ஆயரோ மூத்த பாடகர் ஒருவரோ தம் குரலுக்கு வசதியான இரண்டு கட்டைச் சுருதியில், அதாவது டி-யில், எடுத்துவிடுகிறார். கீபோர்டில் இருப்பவருக்கு ஒரு கட்டையில், அதாவது சி மேஜரில், மட்டுமே வாசிக்கத் தெரியும். ஆகவே, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் சுருதியை அரைச் சுரம் மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு முறை அழுத்தி, விரல்களைப் பழகிய இடத்திலேயே வைத்துக்கொண்டு சமாளித்துவிடுகிறார். அந்தப் பாட்டு நன்றாகவே முடிகிறது. அடுத்து வரும் பாமாலைக்கு முன்னால் பொத்தானைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்துவிட்டால், முன்னிசையே ஒரு முழுச் சுரம் உயர்ந்து ஒலிக்கிறது. மூன்றாவது அடியின் உச்ச சுரத்துக்கு வரும்போது பெண்கள் பக்கம் குரல் கம்மிவிடுகிறது, ஆண்கள் ஒரு ஸ்தாயி இறங்கிப் பாடத் தொடங்குகிறார்கள். இந்தக் குறைக்கு மருந்து கிரேடு 5 சான்றிதழில் இல்லை. நாலைந்து சுருதிகளில் விரலைப் பழக்குவதிலும், பாடுபவரின் முதல் சுரத்தைக் கேட்டவுடன் அது எந்தக் கட்டை என்று கண்டுகொள்ளும் செவிப்பயிற்சியிலும் இருக்கிறது. அப்படியான பயிற்சியை எந்த வழி தருகிறது என்ற கேள்வியோடுதான் ஒவ்வொன்றையும் அணுக வேண்டும்.

முதலில் இணையவழி நேரடி வகுப்பு. ஆசிரியர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். மாணவர் தம் வீட்டிலிருந்தே வாரம் ஒரு முறை ஜூமிலோ கூகுள் மீட்டிலோ கற்றுக்கொள்வார். ஷிப்ட் முறையில் வேலை செய்பவருக்கும், மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியருக்கும், காட்பாடியிலிருந்து சென்னைக்கு 130 கிலோமீட்டர் ரயிலில் போய் ஒரு மணி நேர வகுப்புக்காக ஒரு முழு நாளை இழக்க முடியாது என்பதால், இந்த வசதியைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் இந்த வழியில் பலர் முதல் இரண்டு மாதத்தில் மனம் சோர்ந்து நிறுத்திவிடுவதற்குக் காரணம், ஆசிரியரோ மாணவரோ அல்லர். அமைப்பில் சரிசெய்யப்படாமல் விடப்படும் சில சிறு விவரங்கள்தாம். ஜூம் போன்ற செயலிகள் பேச்சுக்காக அமைக்கப்பட்டவை. மின்விசிறியின் இரைச்சலை நீக்கும் அதே வசதி, ஆர்கன் ஒலியில் நீண்டு பிடிக்கப்படும் சுரத்தையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடுகிறது. மாணவர் நான்கு எண்ணிக்கைக்குப் பிடித்த கார்டு, ஆசிரியரின் காதில் ஒன்றரை எண்ணிக்கையிலேயே கரைந்துவிடுகிறது, ஆசிரியர் “ஏன் கையை எடுத்துவிட்டீர்கள்?” என்று கேட்க, மாணவருக்கு எதுவும் புரிவதில்லை. ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பை இயக்கி, இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். அதுபோல, கைபேசியை முகத்துக்கு எதிரே வைக்காமல், கீபோர்டின் ஒரு பக்கத்தில் தோள் உயரத்தில், இரண்டு கைகளின் கட்டை விரல்களும் மணிக்கட்டுகளும் தெரியும்படி சாய்த்து வைத்தால்தான், விரல் மாற்றம் சரியா என்று ஆசிரியரால் சொல்ல முடியும்.

இணைய வகுப்பால் தர முடியாத ஒன்று உண்டு. அதை எந்த அமைப்பை மாற்றியும் பெற முடியாது. ஒலி இங்கிருந்து அங்கே போய்த் திரும்புவதற்குள் ஏற்படும் தாமதத்தால், ஆசிரியர் பாட மாணவர் கூடவே வாசிப்பது இயலாது. ஒருவர் ஒலி மற்றவருக்குச் சுமார் 30 மில்லிவினாடிக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலே சேர்ந்து வாசிப்பது தடுமாறும்; வீட்டு இணைய இணைப்பில் சாதாரண வீடியோ அழைப்பின் தாமதம் இதைவிட மிக அதிகம். ஆலய இசைக்கலைஞரின் தலையாய வேலையோ, பாடும் சபையோடு சேர்ந்து வாசிப்பதுதான். இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிவினாடி ஆகிறது. 30 மீட்டர் நீளமுள்ள ஆலயத்தில் கடைசி வரிசையில் பாடுபவரின் குரல் முன்வரிசைக் கீபோர்டுக்கு வந்துசேர 90 மில்லிவினாடி பிடிக்கும். சபையின் குரலைக் கேட்டுக் கேட்டு வாசிப்பவர், ஒவ்வொரு அடிக்கும் சற்றுச் சற்றே பின்வாங்கி, நான்காவது சரணத்துக்குள் பாட்டையே தொய்ய விட்டுவிடுவது இதனால்தான். எங்கே சபையின் மூச்சுக்குக் காத்திருக்க வேண்டும், எங்கே காத்திராமல் நடையைப் பிடித்து நடத்த வேண்டும் என்பதை ஆலயத்துக்குள்ளேயே, பாடுகிற மக்களுக்கு முன்னாலேயே, தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும்.

ஆச்சரியமாகத் தோன்றலாம்; ஆனால் தொலைவிலிருந்து கற்றுக்கொள்ளப் பாமாலை வாசிப்பைவிடக் கீர்த்தனைக்கு வேண்டிய கர்நாடக அடிப்படையே அதிகம் ஏற்றது. குரு ஒரு வரி பாட, சீடர் திருப்பிப் பாடுவது என்ற முறையில் இருவரும் ஒரே நேரத்தில் ஒலிக்கத் தேவையில்லை. தாமதம் குறுக்கே வருவதில்லை. மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற தொடக்கப் பயிற்சிகளை முடித்து, சில எளிய கீதங்களையும் கற்றுக்கொண்ட ஒருவர், கீர்த்தனைப் புத்தகத்தின் தலைப்பில் ‘ஆதி தாளம்’ என்றும் ‘ரூபக தாளம்’ என்றும் இருப்பதைப் பார்த்து வெறுமனே கடந்து போக மாட்டார். சங்கராபரணம் மேஜர் ஸ்கேலின் சுரங்களையே கொண்டது என்பதால் கீபோர்டில் அதைத் தடையின்றித் தொடங்கலாம். ஆனந்தபைரவி, காம்போதி போன்றவற்றில் அமைந்த கீர்த்தனைகள், சுரத்தை அசைத்தும் வளைத்தும் பாடும் கமகத்தில் உயிர் வாழ்பவை. அவற்றைக் கீபோர்டில் சுரம் சுரமாகத் தட்டினால் இராகம் வெளிப்படாது. அங்கே எந்தச் சுரத்தை அழுத்தமாக வாசிப்பது, எதைத் தொட்டுவிட்டுப் போவது, எப்போது வாத்தியம் அடங்கிக் குரலுக்கு இடம் கொடுப்பது என்று தீர்மானிக்க, முதலில் அந்த இராகத்தைப் பாடத் தெரிய வேண்டும். கீபோர்டு வாசிக்கும் ஒவ்வொருவரும் ஓராண்டாவது வாய்ப்பாட்டு கற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்து, குருசேகரக் குழுக்கள் பெரிதும் மதிக்கும் கிரேடு தேர்வுகள். டிரினிட்டி காலேஜ் லண்டனும் ஏ.பி.ஆர்.எஸ்.எம். வாரியமும் நடத்தும் தேர்வுகள் நம் பகுதியில் அறிமுகமானவை. சென்னை அண்ணா சாலையில் 1842 முதல் இயங்கிவரும் மியூஸி மியூசிக்கலுக்குப் போய்ப் பாடப்புத்தகம் வாங்கி வந்தவர்கள் வேலூரில் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். தொடக்க நிலையிலிருந்து எட்டாம் கிரேடு வரை படிப்படியாக ஏறும் பாடத்திட்டம், வெளியிலிருந்து வரும் பாரபட்சமற்ற மதிப்பீடு, ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் தயாராக வேண்டும் என்ற கட்டாயம் ஆகியவை சாதாரணப் பயன்கள் அல்ல. வேலைக்கும் மேற்படிப்புக்கும் சான்றிதழ் உதவும் என்பதால் பெற்றோர் இதற்கு மனமாரச் செலவு செய்வார்கள். ஏ.பி.ஆர்.எஸ்.எம்.-இல் ஆறாம் கிரேடுக்குப் போவதற்கு முன் ஐந்தாம் கிரேடு தியரியிலோ (எழுத்துவழி இசை இலக்கணம்) அதற்கு ஈடாக ஏற்கப்படும் வேறொரு தேர்விலோ தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதி இருப்பதால், கார்டுகளின் பெயர் மட்டும் தெரிந்தவர் அவற்றின் தொடர்பையும் கற்றே ஆக வேண்டியிருக்கிறது. டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை.

இந்தத் தேர்வுகளை இப்போது வீட்டிலிருந்தே எழுதலாம் என்பது வேலூர்க்காரருக்குப் பெரிய ஈர்ப்பு. 2020 முதல் இரு வாரியங்களும் பதிவு செய்து அனுப்பும் முறையைக் கொண்டுவந்துள்ளன. ஏ.பி.ஆர்.எஸ்.எம்.-இன் அத்தகைய தேர்வில் நான்கு உருப்படிகளை நிறுத்தாமல் ஒரே தொடர் பதிவாக வாசித்து அனுப்ப வேண்டும். டிரினிட்டியில் உருப்படிகளோடு ஸ்கேல் முதலிய தொழில்நுட்பப் பயிற்சிகளும் உண்டு. பயணம் இல்லை, பதற்றம் குறைவு, நன்றாக வந்த பதிவைத் தேர்ந்து அனுப்பலாம். ஆனால் இவ்வாறு அனுப்பப்படும் தேர்வில், பார்த்தவுடன் வாசிக்கும் சோதனை இல்லை. செவிச் சோதனை இல்லை. டிரினிட்டியின் நேரடித் தேர்வில் தேர்ந்துகொள்ளக் கூடிய, அந்த நேரத்தில் கற்பனையாக வாசித்துக் காட்டும் இம்ப்ரோவைசேஷனும் இல்லை. ஆலயத்தில் அன்றாடம் வேண்டப்படுபவை இந்த மூன்றும்தான். ஆயர் பிரசங்கத்தின் முடிவில் பட்டியலில் இல்லாத ஒரு பாமாலையின் எண்ணைச் சொல்லிவிடுவார். திருவிருந்துக்கு வருவோரின் வரிசை முடியாமல் பாட்டு முடிந்துவிடும். காணிக்கைத் தட்டு இன்னும் கடைசி வரிசையிலேயே இருக்கும். அந்த இரண்டு நிமிடத்தை நிரப்பத் தெரிந்தவரே ஆலய இசைக்கலைஞர். மூன்று நான்கு உருப்படிகளை எட்டு மாதம் மெருகேற்றி அனுப்பிப் பெற்ற டிஸ்டிங்ஷன், இந்த இடத்தில் கைகொடுக்காது. ஆகவே தேர்வு என்று முடிவு செய்தால், சிரமப்பட்டாவது சென்னைக்குப் போய் நேரில் எழுதும் தேர்வையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். டிரினிட்டி பியானோ தேர்வில் ஐந்தாம் கிரேடு வரை இரண்டு துணைச் சோதனைகளை மாணவரே தேர்ந்துகொள்ளலாம் என்பதால், பார்த்தவுடன் வாசித்தலையும் இம்ப்ரோவைசேஷனையும் எடுத்துக்கொள்வது ஆலயத்துக்கு உகந்தது.

வாத்தியத்தைப் பற்றியும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நம் ஆலயங்களில் இருப்பது பெரும்பாலும் 61 கட்டைகள் கொண்ட கீபோர்டு; அதை வைத்துக்கொண்டு பியானோ கிரேடுகளின் மேல்நிலைக்குத் தயாராக முடியாது. டிரினிட்டி எலக்ட்ரானிக் கீபோர்டுக்கென்றே தனித் தேர்வு நடத்துகிறது. இருக்கும் வாத்தியத்திலேயே படிக்கலாம் என்பது அதன் நன்மை; ஸ்டைல்களையும் தானியங்கி ரிதத்தையும் சார்ந்த வாசிப்புக்கு அது இடம் கொடுப்பதால், துதிப்பாடல்களுக்கு உடனே பயன்படும். பாமாலைக்கு மட்டும் அந்த ரிதத்தை அணைத்துவிட்டு, நான்கு குரல்களில் கீழிரண்டான டெனரையும் பேஸையும் இடக்கை தானே வாசிக்கும்படி பழக வேண்டும் என்பதை ஆசிரியரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆலய இசைக்கென்றே அமைந்த தொலைநிலைப் பயிற்சி உலகில் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் 1927-இல் சிட்னி நிக்கல்சன் நிறுவிய ராயல் ஸ்கூல் ஆஃப் சர்ச் மியூசிக், ஆர்கன் வாசிப்போருக்கும் பாடகர் குழுவை நடத்துவோருக்கும் தொலைநிலைப் பயிற்சித் திட்டத்தை வகுத்து நடத்தியிருக்கிறது. மாணவர் தம் சொந்த ஆலயத்தில் செய்யும் வேலையையே பயிற்சியின் களமாக்குவது அதன் சிறப்பு. 1864-இல் தொடங்கப்பட்ட ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸின் தேர்வுகளில், பாட்டை வேறு சுருதிக்கு மாற்றி வாசித்தல், கொடுத்த மெட்டுக்கு ஹார்மனி அமைத்தல் போன்றவை சோதிக்கப்படுகின்றன. டிரான்ஸ்போஸ் பொத்தானைப் பற்றி முன்னால் சொன்ன குறைக்கு நேரான மருந்து அது. ஆனால் அங்கே எடுத்துக்காட்டாக வரும் ஆராதனை ஒழுங்கு ஆங்கிலேயருடையது, பாடல்கள் ஆங்கிலம், பெடல் உள்ள ஆர்கனை எதிர்பார்க்கும் பகுதி பெரிது. மொழிபெயர்க்கப்பட்ட தமிழ்ப் பாமாலையில், மெட்டின் அழுத்தமான எண்ணிக்கை சொல்லின் முக்கியமற்ற அசையில் விழும் இடங்கள் ஏராளம். அவற்றை எப்படி மென்மையாக்குவது என்று அங்கே கற்றுத்தர ஒருவரும் இல்லை. நம் பேராயத்தில் பயிற்சித் திட்டம் ஒன்றை வகுக்க நினைப்போர் இவற்றின் கட்டமைப்பைப் படித்துப் பார்க்க வேண்டும்; ஒரு குருசேகரம் தன் பணத்தைச் செலவிடும் முதல் இடமாக இவற்றை நான் சொல்ல மாட்டேன்.

யூடியூப் பாடங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட பாட்டின் கார்டுகளை இன்றிரவே தெரிந்துகொள்ள அவை உதவும்; தவறாகப் போகும் விரலைத் திருத்த எவரும் இல்லை. ஏற்கெனவே ஆசிரியர் ஒருவர் இருக்கும்போது துணையாக வைத்துக்கொள்ளலாம்.

ஊரை விட்டு அனுப்பிப் படிக்க வைப்பது எல்லாவற்றிலும் ஆழமானது, எல்லாவற்றிலும் அரிதானது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, தமிழ் வழிபாட்டுக்கு நாட்டுப்புற இசையைக் கொண்டுவந்த தியோபிலஸ் அப்பாவு அவர்கள் பணியாற்றிய இடம். மக்களின் இசையும் வழிபாடும் எப்படி இணையலாம் என்ற சிந்தனையை அங்கே பெற முடியும். சென்னையில் 2008-இல் தொடங்கப்பட்ட கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி போன்றவற்றில் மேற்கத்திய இசையை முழுநேரமாகக் கற்கலாம். அது இசையையே தொழிலாகக் கொள்ளப் போகிறவருக்கான வழி. இவற்றுக்கு அனுப்பப்படும் இளைஞர் பெரும்பாலும் ஊர் திரும்புவதில்லை என்பதையும், அது அவர் குற்றமன்று என்பதையும், இங்கே அவருக்கு மாதச் சம்பளம் தர எந்தக் குருசேகரமும் ஏற்பாடு செய்யவில்லை என்பதையும் நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தச் செலவு பேராயம் ஏற்க வேண்டியது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒருவரை அனுப்பி, திரும்பியதும் பேராய அளவில் பிறருக்குக் கற்பிக்கும் பணியைத் தந்தால் மட்டுமே பயன் தரும்.

பலர் எண்ணிப் பார்க்காத வழி ஒன்று அருகிலேயே இருக்கிறது. திருவண்ணாமலையில் உள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, வயலின், மிருதங்கம் முதலியவை மூன்றாண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. அரசுப் பள்ளி என்பதால் செலவும் குறைவு. ஆரணி, போளூர்ப் பக்கத்துச் சபைகளில் பள்ளிப் படிப்பு முடித்து, பாடும் குரலோ தாளக் கையோ உள்ள ஒரு பிள்ளை இருந்தால், மூன்றாண்டில் கீர்த்தனைகளுக்கு ஓர் உறுதியான அடித்தளம் நம் சபைக்குக் கிடைக்கும். அங்கே கற்பிக்கப்படும் உருப்படிகள் பிற சமய பக்திப் பாடல்கள் என்று தயங்குவோர் உண்டு. சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும் அதே இராகங்களிலும் தாளங்களிலும் பிறந்தவைதாம். இலக்கணத்தை அதன் வீட்டில் போய்க் கற்பதில் தவறொன்றும் இல்லை.

கடைசியாக, உள்ளூர் மூத்தவர்கள். நாற்பது ஆண்டுகளாகக் கால் ஆர்மோனியமும் கீபோர்டும் வாசித்துவரும் பெரியவர்கள் இன்னும் பல ஆலயங்களில் இருக்கிறார்கள். எந்தப் பாமாலைக்கு எந்த மெட்டு நம் சபையில் வழக்கம், எந்தக் கீர்த்தனையில் அனுபல்லவியை மக்கள் இழுத்துப் பாடுவார்கள், லெந்து என்னும் தவக்கால நாட்களில் நடை எவ்வளவு தாழ வேண்டும் என்பதெல்லாம் அவர்களிடம் மட்டுமே இருக்கிறது; எந்த நூலிலும் இல்லை. வேலூர் நகரத்துக்கு இன்னொரு பேறும் உண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் வருவோரில், நான்கு குரல் பாட்டைப் பார்த்தவுடன் பாடக் கூடியவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள். மருத்துவப் பணியின் நேரம் அவர்கள் கையில் இல்லை என்பதால், அவர்களைத் தொடர் ஆசிரியர்களாக நம்ப முடியாது. கரோல் ஆராதனைக்கு முந்தைய இரண்டு மாதம் சனிக்கிழமை மாலைகளில் பாடகர் குழுவுக்கு வந்து உதவும்படி கேட்டால், மனமுவந்து வருவார்கள். மூத்தவர்களிடம் உள்ள குறை, தாம் செய்வதை விளக்கிச் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு இல்லாமை. “அப்படியே கேட்டு வாசிப்பா” என்பார்கள். கேட்டு வாசிக்கும் அளவுக்குச் செவியைத் தயார் செய்வது இணைய ஆசிரியரின் வேலை என்று பிரித்துக்கொண்டால், இருவரும் ஒருவர் குறையை மற்றவர் நிரப்புவார்கள்.

இனி, யாருக்கு எதைப் பரிந்துரைப்பது என்பதைச் சொல்கிறேன். பன்னிரண்டு முதல் பதினேழு வயதுக்குள் இருக்கும், இன்னும் பல ஆண்டுகள் கற்கக் கூடிய பிள்ளைக்கு, வாரம் ஒரு இணைய வகுப்பும், மாதம் ஒரு முறை அதே ஆசிரியரையோ வேறொருவரையோ நேரில் பார்ப்பதும், இரண்டாம் ஆண்டின் முடிவில் நேரடிக் கிரேடு தேர்வும் பொருத்தமானவை. இணைய ஆசிரியரைத் தேடும்போது, அவர் தாமே ஏதேனும் ஓர் ஆலயத்தில் வாசிப்பவரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எட்டாம் கிரேடில் உயர்ந்த மதிப்பெண் பெற்று ஆராதனையில் ஒரு நாளும் வாசித்தறியாதவரைவிட, ஐந்தாம் கிரேடோடு நிறுத்திக்கொண்டு இருபது ஆண்டு சபையோடு வாசித்தவர் நமக்கு அதிகம் தருவார்.

ஏற்கெனவே கேள்வி ஞானத்தால் ஆராதனை முழுவதையும் நடத்திவரும் முப்பது, நாற்பது வயதினருக்கு வழி வேறு. அவரைக் கிரேடு ஒன்றிலிருந்து சிறு பிள்ளைகளின் உருப்படிகளை வாசிக்கச் சொல்வது அவருக்குச் சலிப்பூட்டும். தேர்வுக் கட்டணமும் வீண். அவருக்கு வேண்டியது நொட்டேஷன் படிக்கும் திறன் ஒன்றுதான். தாம் மனப்பாடமாக அறிந்த பாமாலைகளின் மெட்டுகளையே நான்கு குரல் நொட்டேஷனில் கண்ணால் பின்தொடரச் செய்து தொடங்கினால், காது முன்னரே அறிந்ததைக் கண் அடையாளம் காண்பதால், வேகமாகப் பிடித்துக்கொள்வார். இதற்கு ஆறு மாத இணைய வகுப்பு போதுமானது. கேள்வி ஞானமுள்ளவர்களில் நான் பார்த்த பலர் இந்த ஒரு படியைத் தாண்டியதும் தாமாகவே முன்னேறிப் போயிருக்கிறார்கள்.

ஒரே ஆயரின் பொறுப்பில் பல கிராமச் சபைகள் இருக்கும் இடங்களில், ஒவ்வொரு சபைக்கும் கீபோர்டும் வகுப்பும் ஏற்பாடு செய்ய இயலாது. ஜவ்வாது மலைப் பக்கம் வீடியோ அழைப்புக்கு வேண்டிய சிக்னலும் எங்கும் கிடைப்பதில்லை. அங்கே ஆர்மோனியம், தபலா அல்லது டோலக், கீர்த்தனை என்பதே சரியான திட்டம். சபைக்கு இருவராகத் தேர்ந்து, மாதம் ஒரு சனிக்கிழமை குருசேகரத் தலைமை ஆலயத்தில் கூட்டி, ஒரு கூடுகைக்கு இரண்டு கீர்த்தனைகள் வீதம் சுருதியோடும் தாளத்தோடும் திருத்தமாகக் கற்பித்து, அவற்றை ஆசிரியர் குரலில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், வீட்டில் கேட்டுப் பழகிக்கொள்வார்கள். வீடியோ அழைப்பைத் தாங்காத சிக்னலும் ஒரு சிறு ஒலிப்பதிவை இறக்கிக்கொள்ள இடம் தரும்.

பணத்தை ஒதுக்கும்போது, வகுப்புக் கட்டணத்தை மட்டும் கணக்கிடுவது போதாது. கற்றுக்கொள்பவரின் வீட்டில் வாத்தியம் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். பல இடங்களில் ஆலயத்தின் கீபோர்டு ஞாயிறு பிற்பகல் உறையிட்டு வெஸ்ட்ரி அறைக்குள் வைத்துப் பூட்டப்படுகிறது. வாரம் முழுவதும் அந்தப் பிள்ளை தொட்டுப் பார்க்கவும் வாத்தியம் இல்லை. நாள்தோறும் அரை மணி நேரம் பழக வழியில்லாதவருக்கு எந்த வகுப்பும் பயன் தராது. மாலை நேரத்தில் ஆலயத்தைத் திறந்துவிடும் பொறுப்பை ஒரு மூப்பர் ஏற்கலாம். அல்லது, தொடுவிசைக்கு ஏற்ப ஒலி மாறும் கட்டைகள் கொண்ட ஒரு கீபோர்டை வாங்கி, படிப்பு முடியும்வரை கையொப்பம் பெற்றுக்கொண்டு வீட்டுக்குக் கொடுக்கலாம். பயிற்சி பெறுபவர் இரண்டாண்டு முடிவில் தமக்கு இளையவர் ஒருவருக்குக் கற்பிக்கத் தொடங்க வேண்டும் என்ற ஏற்பாட்டையும் தொடக்கத்திலேயே பேசி எழுதி வைத்துக்கொள்வது, ஒரே ஒருவரை நம்பி நிற்கும் இன்றைய நிலைமையை மாற்றும்.

பள்ளிகள் திறக்கும் ஜூனில் தொடங்கினால், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வருகைக் காலம் வருவதற்குள் ஐந்து மாதப் பயிற்சி கைக்கு வந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பாடகர் குழு கூடும் மாலையில், முன்னறிவிப்பின்றி ஒரு பாமாலையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பாடகர் ஒருவர் தமக்கு வசதியான கட்டையில் எடுக்கும் கீர்த்தனைக்குப் பொத்தானைத் தொடாமல் துணை வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றிலாவது முன்னேற்றம் தெரிந்தால் அதே ஏற்பாட்டைத் தொடரலாம். இரண்டிலும் தெரியாவிட்டால், மாணவரைக் கடிந்துகொள்வதற்கு முன்னால், அவர் வாரத்தில் எத்தனை நாள் வாத்தியத்தைத் தொட முடிந்தது என்று கேட்டுவிட்டு, அதில் குறையில்லை என்றால் ஆசிரியரை மாற்றும் முடிவை அடுத்த நிதியாண்டு வரை தள்ளிப்போடாமல் அப்போதே எடுத்துவிடுங்கள்.